தனி ஆவர்த்தனத்தின் நடுவில் ஒரு கைத்தட்டல்

நீங்கள் அன்று மாலை போடிநாயக்கனூரில், அந்த மண்டபத்தில் இல்லை. அதனாலேயே உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி இருந்தது. இந்தக் கச்சேரி ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்றிருந்தவர்கள் சிலர். இத்தோடு போதும் என்றிருந்தவர்கள் சிலர். முடிவில் வழங்கும் சுண்டல் எப்போது வரும் என்று மட்டும் கவலைப்பட்டவர்கள் பலர். எனக்கும் ஒரு கட்சி இருந்தது. அது எது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

நான் மேடைப் பேச்சாளன். பள்ளி நாளில் தொடங்கி, கல்லூரிப் பேச்சு மன்றத்தின் செயலாளராக உயர்ந்தது வரை, என் வீட்டு அலமாரியில் நான் பெற்ற கேடயங்களுக்கு இடம் விட்டு, துணிமணிகள் பெட்டிக்குப் போய்விட்டன. குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு விடுவது என்பதெல்லாம் எனக்குக் கற்றுத் தரப்பட்டவை. கைத்தட்டல் எங்கே விழும் என்பதை முன்னரே அறிந்து, அது விழுவதற்கு இடம் விட்டு நிற்பது எங்கள் பயிற்சியில் பாதி. மதுரையில் பேசியிருக்கிறேன்; திண்டுக்கல்லில் பேசியிருக்கிறேன். சொந்த ஊரில் ஓர் அணிக்குத் தலைவனாக அமர்ந்து பேசும் வாய்ப்பு மட்டும் அதுவரை வாய்க்கவில்லை.

எங்கள் ஊர் மண்டபம் ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்து கட்டியது. பின்சுவரை ஒட்டிய கிடங்கில் மூட்டைகள் அடுக்கியிருப்பதால், கல்யாணமானாலும் இரங்கல் கூட்டமானாலும் உள்ளே ஏலக்காய் வாசனையோடுதான் நடக்கும். ஆண்டு விழா மூன்று நாட்கள். அவற்றுள் இரண்டாம் நாள் மாலை பாட்டு டீச்சருக்கு உரியது. பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியையாக இருப்பவர் அவர். அந்த மாலையில் ஒரே ஒருவர் இயற்றிய பாடல்களை மட்டுமே பாடுவார். பாட்டையும் மெட்டையும் தாமே அமைத்து, வாழ்நாள் முழுவதும் முருகனோடு வாதாடிய ஒரு பெரியவர். இந்தக் கட்டுரையில் எவர் பெயரும் இல்லை. அவர் பெயரையும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

டீச்சரை ஊரில் அறியாதவர் இல்லை. எந்தக் கூட்டமானாலும் இறைவணக்கம் பாட அவரைத்தான் அழைப்பார்கள். நான் பேசிய கூட்டங்கள் பலவற்றில் எனக்கு முன்னால் அவர் பாடியிருக்கிறார். பாடி முடித்ததும் ஒலிபெருக்கியைத் தாமே சற்று உயர்த்தி வைத்துவிட்டு, பேசுகிறவர்களுக்கு வழிவிட்டு இறங்கிவிடுவார். அவர் இறங்காமல், ஒரு மாலை முழுவதும் அமர்ந்து பாடும் மேடை ஆண்டுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் நழுவும் நிலைக்கு வந்திருந்தது.

காரணம் தனி ஆவர்த்தனம். கச்சேரியின் மையமான பெரிய பாட்டைப் பாடி வரும்போது பாடகர் நிறுத்திக்கொள்வார்; மிருதங்கக்காரர் மட்டும் தனியே வாசிப்பார்; அவர் முடித்ததும் விட்ட வரியைப் பாடகர் மீண்டும் எடுப்பார். இது எங்கும் உள்ள முறை. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தேநீர் வேளை என்று பொருள். மிருதங்கம் தனியே தொடங்கியதும் மண்டபம் எழுந்து எதிரே உள்ள டீக்கடைக்குப் போகும். உள்ளே தங்கிய ஒரு சிலர் முடிவில் கைதட்டுவார்கள். அந்த ஓசையைக் கேட்டு வெளியே உள்ளவர்கள் திரும்பி வரவேண்டும் என்பது எழுதாத ஏற்பாடு. உள்ளே இருப்பவர்கள் இடையில் கைதட்டாமல் இருப்பதும் அதே ஏற்பாட்டின் பகுதிதான். ஆனால் டீக்கடையை ஒட்டியே பேருந்து நிறுத்தம். சிலமலை வழியாகத் தேவாரம் போகும் கடைசிப் பேருந்து, மிருதங்கம் முடியும் முன்பே வந்து நிற்கும். கச்சேரிக்கு வரும் கூட்டத்தில் பெரும் பங்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். கையில் டீ இருக்கும்போது எதிரில் பேருந்து வந்து நின்றால் மனிதர் என்ன செய்வார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆண்டு, முடிவில் மங்களம் பாடும்போது டீச்சருக்கு முன்னால் இருந்தவை பெரும்பாலும் நாற்காலிகளே.

விழாவுக்குச் சில நாட்கள் முன்பு மண்டபக் குழுத் தலைவர் என்னைத் தம் கடைக்கு அழைத்தார். ஏலக்காய் வணிகத்தில் நரைத்தவர்.

"டீச்சர் மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல தம்பி. எம் மக அவங்ககிட்டத்தான் பாட்டுப் படிச்சா. ஆனா காலி நாற்காலிக்கு எதுக்குப்பா மைக் செட்டு, பந்தலு?"

"அதுவும் சரிதான் அண்ணாச்சி."

"டீச்சர்கிட்டயே நேராச் சொல்லிட்டேன். இந்த வருசம் மங்களம் பாடுறப்ப பாதி மண்டபமாவது நெறஞ்சிருக்கணும். அவங்களும் சரின்னுட்டாங்க. நெறையலைன்னா அடுத்த வருசம் அந்த நாளு பட்டிமன்றத்துக்கு. ஒரு அணிக்கு நீதான் தலைவரு. கச்சேரிக்கு வந்து உக்காரு. முடிவை நீயே கண்ணால பாத்துக்க."

ஆகவே என் கட்சி இன்னதென்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மண்டபம் காலியாக வேண்டும் என்பதே என் கட்சி.

பேச்சு மன்றத்து மாணவர்கள் ஒரு வரிசை அளவுக்கு என்னோடு வந்தார்கள். என் பக்கத்தில் சிலமலைக்காரனான என் வகுப்புத் தோழன். நாங்கள் பின்வரிசையில் அமர்ந்தோம்.

"மாப்ளே, ஒரே ஆளோட பாட்டை மூணு மணி நேரமா?" என்றான் அவன். "நம்ம வாத்தியாரே முக்கா மணி நேரத்துல விட்டுருவாரு."

"பேசாம உக்காரு. அடுத்த வருசம் நம்ம மேடை. எங்க எப்படி நிக்கணும்னு இப்பவே பாத்து வச்சுக்க."

அவன் கேட்டது என் கேள்வியும்தான். எதிரணி இல்லாத மேடையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒருவரே வந்து, ஒரே பொருளைப் பற்றி, மறுப்பார் எவருமின்றி மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தால் அதில் உண்மை எங்கிருந்து வரும்? முதல் இரண்டு பாடல்கள் என் ஐயத்தை உறுதிப்படுத்தின. முதலாவது புகழ்ச்சி. இரண்டாவது கெஞ்சல். ராகம் எனக்குப் பிடிபடவில்லை. நான் மேடையின் அகலத்தை மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தேன்.

நான்காம் பாட்டில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் அந்தப் பெரியவர் முருகனைத் திட்டினார். நீ மலைமேல் ஏறி நின்றுகொண்டால் கீழே இருப்பவன் குரல் உனக்கு எப்படிக் கேட்கும் என்பது பாட்டின் கருத்து. எங்களுக்கு முன்னால் ஒரு ஜீப் ஓட்டுநர் அமர்ந்திருந்தார். போடிமெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளுக்கு விடியலில் ஆட்களை ஏற்றிப் போய், மாலையில் இறக்கிக் கொண்டு வருபவர். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "நம்ம எஸ்டேட்டு மொதலாளிகிட்டச் சொல்ற மாதிரியே இருக்குல்ல?" என்றார். அந்த வரிசையே சிரித்தது. மேடையில் டீச்சருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஆனால் தாளம் போட்ட கை தவறவில்லை.

அடுத்த பாட்டில் அதே பெரியவர், திட்டியதற்கு வருந்தினார். அதற்கடுத்ததில் வருந்தியது தேவையில்லை என்பதுபோல் மீண்டும் கோபித்துக்கொண்டார். நான் தேடிய எதிரணி அங்கே இருந்தது. இரண்டு அணிக்கும் அவரே பேசினார்; நடுவர் மட்டும் மலைமேல் இருந்துகொண்டு தீர்ப்பே சொல்லவில்லை. ஒரு மாலையை ஒருவருக்கே ஒதுக்கினால்தான் இது தெரியும். பலர் பாடல்களைக் கலந்து பாடியிருந்தால் அந்தத் திட்டு ஒருவருடையது, அந்த வருத்தம் வேறொருவருடையது என்று நினைத்திருப்பேன்.

பின்பு மையப் பாட்டு வந்தது. அதில் ஒரு வரியை, வருவதாகச் சொன்ன நாள் எது என்று கேட்கும் ஒரு வரியை, டீச்சர் விடாமல் திரும்பத் திரும்பப் பாடினார். ஒரு வாக்கியத்தை இரண்டு முறை சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் சரக்கு தீர்ந்தது என்று கூட்டம் நினைத்துவிடும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட விதி. அவர் அந்த விதியை மீறிக்கொண்டே போனார். ஒருமுறை அழுத்தம் 'நாள்' என்பதில் விழுந்தது. அப்போது அது புகார். இன்னொரு முறை 'சொன்ன' என்பதில் விழுந்தது; அப்போது சொன்னானா இல்லையா என்ற சந்தேகம். போகப் போக விடை வேண்டாம், கேட்டுக்கொண்டிருப்பதே போதும் என்பதுபோல் குரல் அமைந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. என்றாலும் என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

டீச்சர் நிறுத்தினார். மிருதங்கம் தனியே தொடங்கியது. மண்டபம் எழுந்தது.

"வா மாப்ளே, டீ அடிச்சுட்டு வந்துருவோம்."

நான் தோழனின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். காலியாவதைப் பார்க்கத்தானே வந்தேன்? செருப்போசை அடங்கியபோது பெரும்பாலான நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. முன்வரிசையிலிருந்து தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். டீச்சர் தொடையில் தாளம் போட்டபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர்களை அவர் பார்க்காமல் இருக்க முடியாது. வாசல் அவருக்கு நேர் எதிரே இருந்தது.

மிருதங்கம் வாசித்தவர் கடைத்தெருவில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். அவர் கடையில் ஒரு பல்பு வாங்கப் போனால் நாட்டு நடப்பு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். மேடையில் அவர் வாய் திறக்கவில்லை. சின்னச் சின்னச் சொற்கட்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் நீட்டி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிவிட்டுக் கையை ஒரு கணம் தூக்கினார். மௌனம்.

அந்த மௌனத்தை நான் அறிவேன். ஆயிரம் முறை நானே விட்டு நின்ற இடம் அது. நல்ல வாதம் எதிரணியிலிருந்து வந்தாலும் கைதட்டிப் பாராட்டுவது எங்கள் வழக்கம். ஊர் ஏற்பாட்டை மறந்து நான் தட்டினேன், பேச்சாளர்கள் தட்டுவதுபோல், உள்ளங்கை குவித்து, உரக்க. நான் தட்டினால் தட்டிப் பழகிய எங்கள் வரிசை முழுவதும் சேர்ந்து தட்டியது. பெரும்பாலும் காலியான மண்டபத்தில் அந்த ஓசை சுவரில் மோதித் தெருவுக்குப் போயிற்று.

மிருதங்கக்காரர் முடிக்கவில்லை. ஒரு பகுதியை முடித்து மறு பகுதிக்கு மூச்சு வாங்கினார், அவ்வளவே. அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மெல்லிய ஓசையில் மறுபடி தொடங்கினார். அதற்குள் வாசலில் செருப்போசை கேட்டது.

டீக்கடைக் கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. சிலர் கையில் காகிதக் குவளை. ஒருவர் கையில் பாதி கடித்த போண்டா.

"என்னய்யா இந்த வருசம் இம்புட்டு வெரசா முடிச்சுட்டாரு?"

"நல்லதாப் போச்சு. பஸ்சுக்கு இன்னும் நேரங் கெடக்கு. கடைசில பாடுற துக்கடா ரெண்டு கேட்டுட்டுப் போவோம்."

உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கியது.

"இன்னும் வாசிச்சுக்கிட்டுல்ல இருக்காரு! எவன்டா தட்டுனது?"

என் தோழன் தாமதிக்காமல் என் பக்கம் மோவாயை நீட்டினான். "இந்தா இருக்காருல்ல, பேச்சாளரு."

"பேசுறதோட நிப்பாட்டிக்கக் கூடாதாப்பா? டீ பாதியில நிக்குது."

"சரி, எந்திரி, போவோம்."

"எங்குட்டுப் போறது? டீச்சர் நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்பத்தான் வந்து உக்காந்தோம். மறுபடி எந்திரிச்சா எம் பொண்ணு நாளைக்கு எந்த மூஞ்சியோட பாட்டு கிளாசுக்குப் போகும்?"

அந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. ஊர் வழக்கப்படி தேநீருக்கு எழுந்து போவது குற்றமில்லை. உள்ளே வந்து, அமர்ந்து, முகத்துக்கு நேரே மறுபடி எழுந்து போவது வேறு. அத்தனை பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள். எத்தனையோ ஆண்டுகளாகக் கச்சேரிக்கு வந்தவர்கள், தனி ஆவர்த்தனத்தை முதன்முறையாக உட்கார்ந்து கேட்டார்கள்.

மிருதங்கக்காரர் ஒருமுறை தலை நிமிர்ந்து நிறைந்த நாற்காலிகளைப் பார்த்தார். கடையில் ஆள் கிடைத்தால் அவர் விடமாட்டார் என்று சொன்னேன் அல்லவா? இங்கும் விடவில்லை. ஆனால் சத்தத்தைக் கூட்டவில்லை. இடது கையின் கும்காரம், அந்தக் கனத்த ஓசை மட்டும், யாரோ அடுத்த அறையில் பேசுவதுபோல், மண்டபத்தில் உருண்டது. அதன்மேல் வலது விரல்களால் ஒரு சிறு சொற்கட்டை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். ஒவ்வொரு முறையும் தாளத்துக்கு வெளியே விழுந்துவிடுவார் என்று தோன்றும். டீச்சரின் கை தொடையில் இறங்கும் இடத்தில் சரியாக வந்து சேர்வார். முதலில் அந்த ஜீப் ஓட்டுநர்தான் டீச்சரின் கையைப் பார்த்துத் தாமும் தொடையில் போடத் தொடங்கினார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். என் தோழனும் போட்டான், தப்பாகப் போட்டான், ஆனால் நிறுத்தவில்லை.

அப்போதுதான் தேவாரம் பேருந்து வந்தது. அதன் ஓட்டுநர் வழக்கம்போல் நீளமாக ஹாரன் அடித்தார்.

மண்டபத்தின் தலைகள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பின. டீச்சரின் கை தாளத்தில் இருந்தது. கண் வாசலில் இருந்தது. தலைவரும் திரும்பிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்று என்னைக் கேட்டிருந்தால் அந்த நொடியில் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சிலர் எழுந்து போனார்கள். தொலைதூரத்துக்காரர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். மற்றவர்கள் நாற்காலி விளிம்புக்கு வந்து, எழாமல் இருந்தார்கள்.

"பஸ்சு போயிரும்யா."

"போகட்டும். இவரு எங்க கொண்டுபோய் முடிக்கிறாருன்னு பாக்கணும்."

ஜீப் ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "சிலமலைக்காரங்க, தேவாரத்துக்காரங்க எல்லாம் இருங்கப்பா. ரெண்டு நடையா நான் கொண்டுபோய் விடுறேன். பேசாமக் கேளுங்க."

பேருந்து போய்விட்டது. மிருதங்கம் எழுந்தது, விரைந்தது, ஒரே சொற்கட்டுக் கோர்வையை மூன்று முறை வாசித்து, மூன்றாம் முறையின் கடைசி அடியில், தாளத்தின் தொடக்கத்தில், வந்து இறங்கியது. இந்தமுறை எவரும் கைதட்டவில்லை. ஒருமுறை ஏமாந்த கூட்டம் அது. அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் டீச்சரின் கையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, விட்ட வரியை, வருவதாகச் சொன்ன நாள் எது என்பதை, மீண்டும் எடுத்தார். அதன் பிறகே மண்டபம் தட்டியது. அப்படி ஒரு கைத்தட்டலை நான் எந்த மேடையிலும் பெற்றதில்லை. பொறாமையோடுதான் இதை எழுதுகிறேன்.

மங்களம் பாடியபோது மண்டபம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

சுண்டல் வழங்கி, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைவர் என்னை மேடையோரம் அழைத்தார். டீச்சர் சுருதிப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அருகில் நின்றார்.

"இது கணக்குல வராது தம்பி," என்றார் தலைவர். "நீ தட்டுனதுல ஏமாந்து வந்த கூட்டம் இது. டீச்சருக்காக வரல. பாதி மண்டபம்னு நான் சொன்னது இது இல்ல."

இதுவரை, எந்த அணி என்று சீட்டுக் குலுக்கிச் சொன்னால் அந்த அணிக்குப் பேசியவன் நான். எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்ல முடியும் என்பதே என் பெருமை. அன்று யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே அந்த நாள் எனக்கு வந்துவிடும். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் நியாயம் இருந்தது; மீதிப் பாதியை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"அண்ணாச்சி, அவங்க உள்ள வந்தது என்னால. ஒத்துக்கிறேன். ஹாரன் அடிச்சப்ப எந்திரிக்காம இருந்தாங்களே, அது யாரால?"

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இப்ப யாரு பக்கம் பேசுற?"

"தம்பி சொல்றதும் சரி, நீங்க சொல்றதும் சரி அண்ணாச்சி," என்றார் டீச்சர். குரல் பாடிக் களைத்திருந்தது. "இந்தத் தம்பி தட்டலைன்னா இன்னைக்கு நான் தோத்திருப்பேன். அதை மறைச்சுட்டு இந்த நாளை வாங்கிக்கிட்டா, அடுத்த வருசம் என்னால நிம்மதியாப் பாட முடியாது. ஒரு வருசம் மட்டும் குடுங்க. யாரும் ஏமாத்தாமலே கூட்டம் நிக்குதான்னு பாத்துருவோம்."

"குடுக்கலாம். ஆனா அந்த நாளை இவனுக்குல்ல சொல்லி வச்சிருக்கேன்?"

மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். என் தோழன் சுண்டல் மெல்வதை நிறுத்தினான். நான் எவ்வளவோ பெரிய கூட்டங்களில் எழுதி மனப்பாடம் செய்து பேசியவன். அங்கே என்னிடம் எழுதி வைத்தது எதுவும் இல்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அந்த நாள் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. அடுத்த வருசம் இதே சாயங்காலம் நான் மேடை ஏற மாட்டேன். இங்க முன் வரிசையில உக்காந்திருப்பேன். தனி முடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், டீச்சர் வரியை எடுக்கிற வரைக்கும் கைதட்டவும் மாட்டேன். இந்த நாளைப் பட்டிமன்றத்துக்குக் குடுங்கன்னு எவன் வந்து கேட்டாலும், அவனுக்கு எதிரா மொதல்ல எந்திரிச்சுப் பேசுறவன் நானா இருப்பேன்."